பழைய பெட்டியும் புதிய படமும்



2019-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் செபராங் ஜெயா அடுக்குமாடி வீடுகளின் பக்கம் சென்றவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். படிக்கட்டின் அடியிலும் குப்பைத்தொட்டியின் ஓரத்திலும் கனத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் மழையில் நனைந்து கிடந்தன. முதுகு பெருத்து, கண்ணாடி முகம் வானத்தைப் பார்த்தபடி கிடந்த அந்தப் பெட்டிகளில் பல, பழுதானவையே அல்ல. சில நாட்களுக்கு முன்பு வரை வீட்டின் நடுவில் அமர்ந்து செய்தியும் படமும் காட்டியவைதாம்.

அங்கே ஒரு பாட்டி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிவிட்டு, பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்கு வந்தபோது அவர்களோடு இங்கே குடிவந்தவர் அவர். "ஏன் தம்பி, படம் நல்லாத்தானே தெரிஞ்சது? பொட்டிக்கு ஒண்ணும் ஆகலையே. பின்னே ஏன் தூக்கிப் போட்டுட்டாங்க?" என்றார்.

நாங்கள் அன்று ஏதோ சொல்லி நகர்ந்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, தொலைக்காட்சியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருப்பது தெரிந்தது. புதிய படம் வரும்பொழுது பழைய பெட்டி என்ன ஆகும்? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன. தோட்டத்து வீட்டுக்கு அந்த விடை லாபமா நட்டமா என்பதை இன்றைய உரையில் சற்றுப் பார்ப்போம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி பிறந்தது 1963 டிசம்பர் 28-ஆம் நாள். கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். முதலில் தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்களே பார்க்க முடிந்தது. பிறகு மலை உச்சிகளில் அஞ்சல் நிலையங்கள் எழுந்து, வடக்கேயும் படம் வந்து சேர்ந்தது. கெடாவில் நாலாயிரம் அடி உயரத்தில் நிற்கும் ஜெராய் மலையின் உச்சியிலிருந்து வரும் அலையைத்தான் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களின் வீடுகள் பிடித்தன. செபராங் பிறையின் தோட்டங்களில் மூங்கில் கழியின் உச்சியில் ஏரியலைக் கட்டி, ஒருவர் வெளியே நின்று அதைத் திருப்ப, மற்றவர் உள்ளிருந்து "இன்னுங் கொஞ்சம்! போதும், போதும்! போயிடுச்சே!" என்று கூவியதெல்லாம் அந்த மலையைத் தேடித்தான்.

பெட்டி எல்லார் வீட்டிலும் இருக்கவில்லை. கிராணி வீட்டில் ஒன்று, தோட்டத்து மண்டபத்தில் ஒன்று, துணிந்து தவணைக்கு வாங்கிய ஒருவர் வீட்டில் ஒன்று என்றுதான் இருந்தது. அதற்கு ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் வேறு. மின்சாரமும் இன்று போல் இல்லை. ஜெனரேட்டர் மாலையில் ஓடத் தொடங்கி இரவில் நின்றுவிடும் தோட்டங்கள் பல. தமிழ்ப்படத்தின் முடிவு தெரியாமலே லயன் வீடுகளுக்குத் திரும்பி, மறுநாள் பெரட்டுக் களத்தில் கதையை ஆளுக்கு ஒரு விதமாய் முடித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கார் பேட்டரியை வைத்துப் பெட்டியை ஓட்டிய கெட்டிக்காரர்களும் உண்டு.

அந்தப் படம் எப்படி உண்டாயிற்று? பாய் முடைவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரை, அடுத்த கோரை என்று வரிசை வரிசையாக வைத்துத்தான் பாய் உருவாகிறது. அதுபோல் பெட்டிக்குள் ஒரு மின்கதிர் கண்ணாடியின் உட்புறத்தில் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஒளியைத் தீட்டியது. ஒரு படத்துக்கு 625 கோடுகள்; ஒரு நொடிக்கு 25 படங்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு இரட்டைப்படைக் கோடுகள் என மாற்றி மாற்றித் தீட்டியதால், கண் அதை ஓடும் படமாகவே கண்டது. 625-இல் ஏறத்தாழ 575 கோடுகளே படமாகத் தெரிந்தன. மற்றவை, கதிர் மீண்டும் மேலே ஏறுவதற்கான நேரமாகக் கழிந்தன.

இனி வண்ணத்துக்கு வருவோம். பழைய பெட்டிக்கு முதல் சோதனை இங்கேதான் வந்தது. நம் நாட்டுக்கு வரும் முன்பே அந்தச் சோதனை அமெரிக்காவில் நடந்து முடிந்திருந்தது. அங்கே 1951-இல் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனம் அரசாங்க அனுமதியோடு வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. திரைக்கு முன்னே வண்ணத் தட்டு ஒன்று சுழலும் ஏற்பாடு அது. நிறம் அழகாகவே வந்ததாம். ஆனால் அந்த அலையைப் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளால் பிடிக்க இயலவில்லை. அப்போது அமெரிக்க வீடுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் இருந்தன. அவர்களுக்குத் தெரியாத படத்தை யார் பார்ப்பது? ஜூனில் தொடங்கியது அக்டோபரில் நின்றுவிட்டது. கொரியப் போருக்காக மூலப்பொருள்களை மிச்சப்படுத்த வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். பார்க்க ஆளில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம்.

அதன்பின் 1953 டிசம்பரில் வேறொரு முறை அங்கே ஏற்கப்பட்டது. இதன் நுட்பம் எங்களுக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. படத்தின் வெளிச்சத்தை முன்போலவே அனுப்பினார்கள். நிறத்தைப் பற்றிய செய்தியை மட்டும் அதே அலையின் இடுக்கில் ஒளித்து வைத்தார்கள். வண்ணப் பெட்டிக்கு அதைப் பிரித்தெடுக்கத் தெரியும். பழைய பெட்டியோ அதைக் கவனிக்காமல், தனக்குத் தெரிந்த கறுப்பு வெள்ளையைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரே சோற்றைக் குழம்புக்காரருக்கும் மோர்க்காரருக்கும் பரிமாறியது போல!

அம்முறையில் ஒரு குறை இருந்தது. வழியில் அலை சற்றே பிசகினாலும் முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். ஜெர்மனியின் டெலிபுங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் புரூக் என்பவர், ஒவ்வொரு கோட்டுக்கும் நிறச் செய்தியைத் திருப்பித் திருப்பி அனுப்பினால் ஒரு கோட்டின் பிழையை அடுத்த கோடு சமன் செய்துவிடும் என்று கண்டார். பால் என்று பெயர் பெற்ற அந்த முறையை 1963-இல் செய்து காட்டினார். நாம் வெட்டும் பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1967-இல் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் அதைக் கொண்டு வண்ண ஒளிபரப்பைத் தொடங்கின. மலேசியாவும் அதையே தேர்ந்துகொண்டது.

அண்டை வீடான சிங்கப்பூர் நம்மை முந்திக்கொண்டது. 1974 ஜூலை 7-ஆம் நாள் உலகக் கிண்ணக் காற்பந்தின் இறுதி ஆட்டத்தை, மேற்கு ஜெர்மனி நெதர்லாந்தை 2–1 என வென்றதை, சிங்கப்பூரில் வண்ணத்தில் பார்த்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு, 1975 ஜூலை 1-இல், முகமது அலி கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் குத்துச்சண்டை போட்டு வென்றார். அந்தச் சண்டை செயற்கைக்கோள் வழியே வெளிநாடுகளுக்கு வண்ணத்தில் சென்றது. சண்டை நடந்த நாட்டில் நாம் கறுப்பு வெள்ளையில் பார்த்தோம். இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

தீபகற்ப மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பர் 28-இல் தொடங்கியது. தொலைக்காட்சி பிறந்த அதே தேதி. சரியாகப் பதினைந்து ஆண்டுகள். இந்தியாவில் வண்ணம் வந்தது இன்னும் தாமதமாக, 1982 ஆகஸ்ட் 15-இல். அதாவது தமிழகத்து உறவினர்களுக்கு முன்பே நம் வீட்டுத் திரைக்கு நிறம் வந்துவிட்டது.

நம் வீட்டுத் திரை என்று சொன்னாலும், தோட்டத்தில் உடனே வண்ணப் பெட்டி வாங்கியவர் யார்? மாதக் கணக்கில் மரம் வெட்டினாலும் அதன் விலை கைக்கு எட்டாத தொலைவில் இருந்தது. சில வீடுகளில் மேலே நீலமும் நடுவே மஞ்சளும் கீழே பச்சையுமான பிளாஸ்டிக் தாளைத் திரையின் முன்னே ஒட்டிக்கொண்டார்கள். வானம் நீலமாகவும் புல் பச்சையாகவும் தெரிந்தது. கதாநாயகனின் நெற்றியும் நீலமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் 28-ஆம் நாள் இரவு, தோட்டத்துப் பெட்டி எதுவும் அணைந்து போகவில்லை. நேற்றுப் போலவே படம் வந்தது. வசதி வந்தபோது வண்ணப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம், வராவிட்டால் பத்து ஆண்டுகள் கழித்தும் பழையதையே பார்க்கலாம் என்ற உரிமை நமக்கு இருந்தது. அமெரிக்காவில் 1951-இல் ஏற்பட்ட தோல்வியின் பலனை, அதைப் பற்றிக் கேள்விப்படாமலே நாம் அனுபவித்தோம்.

பிரிட்டனிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1936-இல் 405 கோடுகளோடு தொடங்கிய ஒளிபரப்பை, 1964-இல் 625 கோட்டு ஒளிபரப்பு வந்த பின்னும் அவர்கள் நிறுத்தவில்லை. 1985 ஜனவரி வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, பழைய பெட்டிக்காரர்களுக்காக இரண்டையும் நடத்தினார்கள்.

வண்ணம் வந்த அதே ஆண்டுகளில், நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969-இல் அமைக்கப்பட்டது. 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்தது. இன்டெல், ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் அக்காலத்தில் வந்தவை. இக்கரையில் பிறையிலும் ஆலைகள் எழுந்தன. அவற்றின் அருகிலேயே செபராங் ஜெயா என்ற புதுநகரம் உருவாயிற்று. அம்மா விடியலில் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போக, மகள் அதே இருட்டில் ஆலைப் பேருந்துக்கு நின்ற வீடுகள் உண்டு. 1985-இல் பாலம் திறக்கும் வரை தீவுக்குப் போகிறவர்களுக்குப் பெர்ரிதான் வழி.

இவற்றுள் லிட்ரோனிக்ஸ் என்ற பெயரைச் சற்று நினைவில் வையுங்கள். எல்இடி எனும் சின்னஞ்சிறு ஒளிவிளக்கைச் செய்த நிறுவனம் அது. 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்து காட்டினார். பத்தே ஆண்டுகளில் அந்தத் தொழில் பினாங்குக்கு வந்துவிட்டது. கணக்கிடும் கருவியிலும் கைக்கடிகாரத்திலும் சிவப்பு எண்களாக எரிந்தவை அவை. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமயிரை விட மெல்லிய கம்பிகளை ஒட்டிய வேலையில் கண் எரிச்சலும் தலைவலியும் கண்ட பெண்கள் எத்தனையோ பேர். அந்தச் சிறுவிளக்கு பிற்காலத்தில் தொலைக்காட்சித் திரைக்குள்ளேயே புகுந்து அதை மாற்றப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் கூர்மையைப் பார்ப்போம். 625 கோடுகள் போதா, திரைப்படம் போல் தெளிவாக வேண்டும் என்ற முயற்சியை ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கியது 1964-இல், தோக்கியோ ஒலிம்பிக் நடந்த ஆண்டில். கண் எந்த அளவுக்கு நுணுக்கத்தைக் காணும், எவ்வளவு அகலமான திரை பார்ப்பவரை உள்ளே இழுக்கும் என்றெல்லாம் சோதித்து, 1125 கோடுகள் கொண்ட அகலத்திரை முறையை அமைத்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் அதைக் காட்டியபோது பார்த்தவர்கள் திகைத்தார்கள். 1989-இல் ஜப்பானில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. ஆனால் அதைப் பார்க்க மிக விலையுயர்ந்த தனிப்பெட்டி வேண்டும். பழைய பெட்டிக்கு அது புரியாது. ஒரு படத்துக்கு வேண்டிய அலையிடமும் மிக அதிகம். அலைகளை எண்களாக மாற்றிச் சுருக்கி அனுப்பும் இலக்கமுறை வந்ததும் அந்த முறை பின்தங்கிற்று. 2007-இல் ஜப்பானே அதை நிறுத்திவிட்டது. முப்பது நாற்பது ஆண்டு உழைப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. இன்றைய அகலத்திரை அந்த ஆராய்ச்சியின் பிள்ளைதான்.

இலக்கமுறை நம் வீட்டுக்கு முதலில் வந்தது கூரையில் வைத்த வட்டில் வழியாக. 1996-இல் ஆஸ்ட்ரோ தொடங்கியது. அதில் வானவில் என்ற தமிழ் அலைவரிசையும் வந்தது. மாதக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றாலும், லயன் வீட்டுத் தகரக் கூரையிலும் அந்த வட்டில் ஏறிற்று. நாள் முழுவதும் தமிழ் கேட்கலாம் என்பதற்காக வேறு செலவைச் சுருக்கிக்கொண்ட குடும்பங்களை நாங்கள் அறிவோம். 2009-இல் ஆஸ்ட்ரோ உயர்தெளிவு ஒளிபரப்பைக் கொண்டு வந்தது. 2011-இல் விண்மீன் எச்டி என்ற தமிழ் அலைவரிசை தொடங்கிற்று. 2019-இல் 4கே பெட்டியும் வந்தது.

இந்தப் பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். எல்லாம் புள்ளிக் கணக்குத்தான். பழைய 625 கோட்டுப் படத்தை இலக்கமுறையில் எழுதினால் ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். முழு எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம். 4கே என்றால் 3840-க்கு 2160. ஏறத்தாழ 83 லட்சம்.

கடைக்காரர் சொல்லாத ஒரு விவரத்தை இங்கே சொல்லிவிடுகிறோம். பத்தடி தூரத்திலிருந்து பார்க்கும்போது, நல்ல கண்ணும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியைத்தான் பிரித்தறியும். 32 அங்குல எச்டி பெட்டியில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.37 மில்லிமீட்டர். அதாவது அந்தத் தூரத்தில் எச்டியின் நுணுக்கத்தையே நம் கண் முழுதாகக் காண்பதில்லை. அதே அளவுப் பெட்டியில் 4கே வாங்கிப் பத்தடி தள்ளி உட்காருபவர், தம் கண்ணுக்கு எட்டாததற்குக் காசு கொடுக்கிறார். திரை மிகப் பெரிதாக இருந்தாலோ, மிக அருகில் உட்கார்ந்தாலோதான் வேறுபாடு தெரியும்.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். 2019-இல் நடந்தது என்ன? ஜூலை 21-ஆம் நாள் லங்காவியில் பழைய ஒப்புமுறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. பிறகு வட்டாரம் வட்டாரமாக நிறுத்திக்கொண்டே வந்து, அக்டோபர் 31-ஆம் நாளோடு சபா, சரவாக் உட்பட நாடு முழுவதும் முடித்தார்கள். காரணம் இல்லாமல் செய்யவில்லை. பழைய முறையில் ஓர் அலைவரிசைக்குத் தேவைப்பட்ட இடத்தில், இலக்கமுறையில் பல அலைவரிசைகளை அனுப்பலாம். மிஞ்சும் அலையிடத்தைக் கைப்பேசிச் சேவைக்குக் கொடுக்கலாம். உலக நாடுகள் பலவும் செய்ததுதான்.

ஆனால் இம்முறை, பழைய அலையின் இடுக்கில் புதியதை ஒளித்து வைக்க வழியில்லை. இலக்கமுறை அலை பழைய பெட்டிக்கு வெறும் இரைச்சல். 1978-இல் அணையாத பெட்டி 2019-இல் அணைந்தது. இதற்கு மாற்றாக ஒரு சிறு பெட்டியை இணைத்தால் பழைய தொலைக்காட்சியிலேயே புதிய ஒளிபரப்பைப் பார்க்கலாம். அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அது இலவசமாகவே வழங்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆயினும் பழைய அகன்ற ஏரியல் புதிய அலைக்குப் பொருந்தவில்லை, அதற்கென்று சிறிய ஏரியல் வேறு வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. சிறுபெட்டி கிடைத்தும் படம் வராமல், தொலைக்காட்சியே கெட்டுவிட்டது என்று எண்ணித் தூக்கிப் போட்டவர்களை நாங்கள் கண்டோம். மழையில் கிடந்த அந்தப் பெட்டிகளில் எத்தனை, முப்பது நாற்பது வெள்ளி ஏரியல் ஒன்றால் பிழைத்திருக்குமோ! தமிழில் நான்கு வரி விளக்கம் வீட்டுக்கு வீடு போயிருந்தால் போதும் என்பது எங்கள் எண்ணம்.

கூர்மைக்கு அடுத்து வந்தது ஒளியின் வீச்சு. எச்டிஆர் என்று பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் மூன்றெழுத்து அதைத்தான் குறிக்கிறது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது.

காலை ஒன்பது மணிக்குப் பால்மரக் காட்டுக்குள் நில்லுங்கள். இலைகளின் இடைவெளியில் வானம் கண்ணைப் பறிக்கிறது. மரத்தடியில் நிழல். அந்த நிழலில் மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றும் பெண்ணின் முகத்தை நீங்கள் தெளிவாகக் காண்கிறீர்கள். நெற்றி வியர்வையும் தெரிகிறது, மேலே வானமும் தெரிகிறது. இரண்டுக்கும் இடையே வெளிச்சத்தில் நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தாலும் கண் சமாளித்துக்கொள்கிறது. இதையே பழைய தொலைக்காட்சியில் பார்த்தால்? வானத்தைச் சரியாகக் காட்டினால் அந்தப் பெண் வெறும் கரிய நிழலாகிவிடுவாள். அவள் முகத்தைக் காட்டினால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். பழைய ஒளிபரப்பின் கணக்கு, கண்ணாடிக் குழாய்த் திரையின் வலிமைக்கு ஏற்ப, நூறு நிட் அளவு வெளிச்சத்தை உச்சமாகக் கொண்டு அமைந்தது. நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் ஆயிரம் நிட் உச்சத்துக்குத் தயாரிக்கப்படுகின்றன. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலுள்ள படிகளும் 256-இலிருந்து 1024 ஆக உயர்ந்துவிட்டன.

இதில் நமக்கொரு தனிக்கணக்கும் உண்டு. மேனாட்டு நிழற்படக் கூடங்களில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்ணின் படம் கொண்ட அட்டையை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்த்தார்கள். கறுத்த முகத்தின் நுணுக்கம் அந்தக் கணக்கில் சேரவில்லை. தோட்டத் தொழிலாளரைக் காட்டும் பழைய படங்களில் அவர்கள் கைகால் உள்ள நிழல்களாகவே தெரிவதற்கு மரத்தடி இருட்டு மட்டும் காரணமன்று. நிழல் பகுதியில் கூடுதலாகப் படிகள் கிடைக்கும்போது, அங்கே நிற்கும் மனிதரின் முகமும் கிடைக்கிறது. எழுபது எண்பது ஆண்டுத் தொலைக்காட்சி முன்னேற்றத்தில் எங்களை உண்மையாக மகிழச் செய்தது இது ஒன்றே. இதைக் காணப் பத்தடி, ஐந்தடி என்ற கணக்கும் இல்லை. அறையின் மூலையிலிருந்தும் தெரியும்.

இங்கேதான் அந்தச் சிறுவிளக்கு மீண்டும் வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்இடி பிறந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்ததும் வெள்ளை ஒளியும் கைகூடிற்று. இன்றைய மெல்லிய திரைகள் பலவற்றின் பின்னால் எல்இடி விளக்குகளே எரிகின்றன. நல்ல எச்டிஆர் பெட்டியில் அவை பகுதி பகுதியாகப் பிரிந்து, வானம் தெரியும் இடத்தில் சுடர்விட்டும் நிழல் விழும் இடத்தில் தணிந்தும் எரிகின்றன. 1972-இல் பினாங்குக்கு வந்த லிட்ரோனிக்ஸ், கைமாறிக் கைமாறி ஓஸ்ராம் ஆயிற்று. அந்த ஓஸ்ராம் 2017-இல் கூலிமில் எல்இடி ஆலை ஒன்றைத் திறந்தது. செபராங் ஜெயாவிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் அரைமணிப் பயணம்.

பழைய பெட்டியின் கேள்வி எச்டிஆரிலும் எழுந்தது. 2014-இல் முறைப்படுத்தப்பட்ட ஒரு வழி, டால்பி நிறுவனத்தார் வகுத்தது; பத்தாயிரம் நிட் வரை கணக்கு வைத்திருக்கிறது. மிகத் துல்லியமானது, ஆனால் அதைப் பழைய பெட்டிக்கு அப்படியே அனுப்பினால் படம் மங்கி வெளிறிவிடும். மற்றொரு வழியை பிபிசியும் என்எச்கேயும் சேர்ந்து வகுத்தன. 2015-இல் ஜப்பானில் அது முறைப்படுத்தப்பட்டது. அதில் வெளிச்சத்தின் கீழ்ப்பாதி பழைய கணக்கையே பின்பற்றுகிறது. உச்சியில் மட்டும் புதிய கணக்கு. ஆகவே எச்டிஆர் இல்லாத பெட்டியிலும் ஏற்கத்தக்க படம் வரும். 405 கோட்டுப் பெட்டிகளை இருபது ஆண்டு காத்த பிபிசியும், தன் 1125 கோட்டு முறையைப் பழைய பெட்டி ஏற்காமல் பாடம் கற்ற என்எச்கேயும் சேர்ந்து இதைச் செய்தன என்பது எங்களுக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. 2016-இல் அனைத்துலக அமைப்பு இரண்டு வழிகளையும் ஏற்றுக்கொண்டது. 2018 டிசம்பர் 1-இல் ஜப்பான் தொடங்கிய 8கே ஒளிபரப்பு இரண்டாவது வழியில்தான் செல்கிறது.

பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்டிஆர் என்று ஒட்டியிருப்பது, அந்த அலை பெட்டிக்குப் புரியும் என்பதற்கு மட்டுமே அடையாளம். மலிவான பெட்டிகள் பலவற்றின் திரை முந்நூறு நிட்டைத் தாண்டுவதில்லை; அவற்றில் அந்த மூன்றெழுத்தால் பெரிய பயன் இல்லை. உச்ச வெளிச்சம் எத்தனை நிட், பின்விளக்குகள் பகுதி பகுதியாகத் தணியுமா என்ற இரண்டையும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், சாதாரணப் பெட்டிக்குரிய விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பாட்டிக்கு இவ்வளவையும் நாங்கள் சொல்லவில்லை. சிறிது காலம் கழித்து மீண்டும் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். பேத்தி முதல் போனசில் வாங்கிக் கொடுத்த புதிய திரை கூடத்தில் இருந்தது. அதைத் தாங்கி நின்றது, தோட்டத்தில் தவணைக்கு வாங்கிய, நான்கு கால்களும் இழுத்து மூடும் கதவும் உள்ள மரப்பெட்டி. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. உள்ளே குழாய் செத்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். "இதையும் தூக்கிப் போடச் சொன்னாங்க. மேசை வாங்குற காசு மிச்சம்னு வச்சுக்கிட்டேன்" என்றார் பாட்டி. கதவைத் திறந்து காட்டினார். பழைய உரிமச் சீட்டுகளை நூலில் கட்டி உள்ளே வைத்திருந்தார்.